குழாய் வாயில் அடைத்த துண்டு

வால்பாறையில் மழை பிடித்துக்கொண்டால் துவைத்த துணி ஒரு வாரமானாலும் உலராது. அங்கிருந்த ஆசிரமத்துக்கு ஒரு பக்தர் துணி உலர்த்தும் மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தார். அது நன்றாகத்தான் சுற்றியது, நன்றாகத்தான் சூடானது. வேட்டி மட்டும் இட்லித் துணி மாதிரி ஆவி பறக்க, ஈரமாகவே வெளியே வந்தது.

ரிப்பேர் ஆளைக் கூப்பிடலாம் என்றார்கள். ஆசிரமத்தில் தங்கியிருந்த நாச்சிமுத்து விடவில்லை. பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த மிடுக்கு எங்கே போகும்? தன் கையே தனக்கு உதவி என்று ஸ்பேனரோடு உட்கார்ந்துவிட்டார். கழற்றுவதும் மாட்டுவதுமாக நாள்தான் ஓடியது.

அன்று காலை வேலையில் மனம் ஓடவில்லை. பேத்தியின் காதுகுத்துக்கு அழைக்க மகன் வருகிறான் என்று போன் வந்திருந்தது. அப்பாவைக் கேட்காமல் தோப்பில் தன் பங்கை விற்ற மகன். அதிலிருந்து அவனோடு பேச்சை முறித்துக்கொண்டுதான் மனிதர் ஆசிரமத்துக்கே வந்தார்.

குரு தவமணி அம்மா அந்தப் பக்கம் வந்தார். வயதில் நாச்சிமுத்துவுக்கு மகள் போல.

“அம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? கோபத்தை ஒருத்தர்கிட்டயும் காட்டாம, உள்ளுக்குள்ளயே வெச்சுத் தியானத்துல எரிச்சுப் பாக்கறேன். தீரவே மாட்டேங்குதுங்க. ஏனுங்க?”

“மெஷின் என்னாச்சுங்க?” என்று கேட்டார் குரு.

“ஹீட்டர் நல்லாருக்குது. பெல்ட் நல்லாருக்குது. எதுன்னே பிடிபடலீங்க.”

“ஓட விடுங்க.”

ஈர வேட்டியோடு மெஷின் ஓடியது. குரு அவரைச் சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனார். மெஷினின் காற்று போகும் குழாய் அங்கேதான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் ஒரு துண்டு திணித்திருந்தது.

“இது யாருங்க வெச்சது?”

“நான்தானுங்க, மெஷின் வந்த அன்னைக்கே. சூடு வீணாப் போகுதேன்னு அடைச்சேன்.”

“சூடு மட்டுந்தான் போச்சுங்களா?”

நாச்சிமுத்து முகத்தில் அசடு வழிந்தது. துண்டைப் பிடுங்கினார். அடைபட்டுக் கிடந்த ஈரக்காற்று குப்பென்று முகத்தில் அடித்தது. நாற்றம் தாங்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார். குரு அசையாமல் நின்றார். கொஞ்ச நேரத்தில் நாற்றம் போய் வெறும் வெதுவெதுப்புதான் வந்தது.

மெஷின் ஓடி முடிந்ததும் உள்ளே வந்து எடுத்தால் வேட்டி மொறுமொறுவென்று உலர்ந்திருந்தது. நாச்சிமுத்து அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் வந்து நின்றது. மகன் இறங்கி, மழையில் நனைந்தபடி தயங்கி நின்றான்.

நாச்சிமுத்துவின் குரல் இறங்கிவிட்டது. “இவன்கிட்ட எப்படிங்கம்மா பேசறது? வாயைத் திறந்தா கெட்ட வார்த்தைதான் வரும்.”

குரு வேட்டியை வாங்கி மடித்தார்.

“வரட்டுங்க. மொதல்ல நாத்தந்தான் வரும்.”