மூன்று படியும் ஒரு சாணும்

வேங்கைமலை மன்னர் இளவழுதிக்கு ஊர் சுற்றப் பிடிக்கும்; வீட்டை விட்டுப் போகத்தான் பிடிக்காது. அதனால் கட்டிலும் ஊஞ்சலுமாக ஒரு வீட்டையே வண்டியாகச் செய்து, எட்டு மாடு பூட்டிப் புறப்பட்டுவிடுவார். போன பயணத்தில், மேடும் பள்ளமுமான பாதையில் வண்டியின் அடிப்பலகை தரையில் இடித்தது. ராஜா ஊஞ்சலிலிருந்து உருண்டார்.

"குற்றம் தச்சன் மேல்தான், அரசே!" என்று முந்திக்கொண்டார் அனந்தப்பர். நாட்டின் பாதைகளுக்குப் பொறுப்பான மந்திரி அவர்.

தச்சர் சிற்றம்பல ஆசாரியை ராஜா அழைத்தார். "வண்டி ஒரு சாண் உயர வேண்டும். ஆனால் நான் மூன்று படிதான் ஏறுவேன். நான்காவது படி எனக்கு ஆகாது என்பது ஜோசியர் வாக்கு. படியின் உயரமும் கூடக்கூடாது, முழங்கால் கேட்காது. எட்டு நாளில் முடியாவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்பு!"

ஆசாரிக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி உயர்ந்தால் அதன் வாசலும் உயரத்தானே செய்யும்? ஏழாம் நாள் அரசவை விகடகவி கூத்தையனிடம் ஓடினார்.

"ஒரு சாண் உயர்த்த வழி இருக்கா, ஆசாரியாரே?"

"இருக்கு ஐயா. அச்சுக்கும் வண்டித் தட்டுக்கும் நடுவுல கட்டை கொடுத்தாப் போதும். படிக்குத்தான் வழி இல்ல."

"கட்டையைக் கொடும். படியை நான் பார்த்துக்கறேன்."

எட்டாம் நாள் அரண்மனை முற்றத்தில் வண்டி நின்றது. ராஜா மூன்று படி ஏறிச் சுகமாக உள்ளே போனார்.

"ஏமாற்று! வண்டி உயரவே இல்லை!" என்று துள்ளினார் அனந்தப்பர்.

"மாட்டை ஓட்டுங்கள்" என்றான் கூத்தையன்.

வண்டி ஒரு குலுங்கு குலுங்கி முன்னே நகர்ந்தது. முற்றத்தில் மேய்ந்த ஆடு ஒன்று அதன் அடியில் தாராளமாகப் புகுந்து போயிற்று. வண்டி நின்றிருந்த இடத்தில் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு பள்ளங்கள், சாண் ஆழத்தில்.

ராஜா சிரித்தார். சட்டென்று முகம் சுளித்தார். "போகிற ஊரிலெல்லாம் நான் இறங்கி ஏற வேண்டுமே! அங்கே பள்ளம் வெட்டுவது யார்?"

ஆசாரி கூத்தையனைத் திரும்பிப் பார்த்தார்.

கூத்தையன் பணிவாகக் கைகூப்பினான். "வெட்டவே வேண்டாம், அரசே. நாடு முழுக்க நம் மந்திரியார் தயாராக வைத்திருக்கிறார்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கையிலிருந்த காப்பைக் கழற்றி ஆசாரிக்குப் போட்டார்.

"கட்டைகளை எடுத்துவிடு, ஆசாரி. பாதை சீராகும்வரை என் ஊஞ்சலில் அனந்தப்பர் போய்வரட்டும்!"

அடுத்த பௌர்ணமிக்குள், தேடினாலும் வேங்கைமலையில் ஒரு பள்ளம் கிடைக்கவில்லை.