அல்லிக்குளத்துக்கு வந்த மூன்று ஆய்வாளர்கள்

அல்லிக்குளத்து நாணல் புதருக்குள் மருதாயி என்ற கானாங்கோழி ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வந்தாள். வாத்து வீட்டுப் பிள்ளைகளும் கானாங்கோழி வீட்டுப் பிள்ளைகளுமாகப் பதினேழு குஞ்சுகள் அங்கே படித்தன. காலையில் குளத்துப் பக்கம் போனால் போதும், அவர்கள் பாடம் ஒப்பிக்கிற சத்தம் கரையெல்லாம் கேட்கும்.

"நிழல் விழுந்தால் நிற்காதே!
நீருக்குள்ளே முங்கிப்போ!
நாணல் அடியில் நகர்ந்துபோ!
நூறு எண்ணித் தலைதூக்கு!"

பருந்திடமிருந்து தப்பிக்கும் பாடம் அது. காட்டில் அந்தப் பாட்டுக்கு நல்ல பேர். "மருதாயி டீச்சர் பிள்ளைங்க மாதிரி ஒப்பிக்க ஆளே கிடையாது!" என்று எல்லாரும் சொல்லுவார்கள். மருதாயி சிரித்துக்கொள்வாள். ஆனால் அந்தச் சிரிப்பு கழுத்துக்குக் கீழே இறங்காது.

ஏனென்றால் அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். அந்தப் பதினேழு பேரில் ஒருவர்கூட ஒரு தடவையும் முங்கியது கிடையாது.

போன மழைக்காலத்தில் ஒரு பெரிய விரால் மீன் மருதாயியின் காலைக் கவ்வி இழுத்தது. எப்படியோ உதறித் தப்பித்துவிட்டாள். அன்றைக்குப் பிடித்த பயம் விடவே இல்லை. அதற்கப்புறம் அவள் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்குவதில்லை. டீச்சரே இறங்காதபோது பிள்ளைகளை எப்படி இறக்குவது? அதனால் முங்குகிற பாடம் முழுவதும் கரை மணலில் வரிசையாக உட்கார்ந்தே நடந்தது.

இந்தச் சமயத்தில்தான் காட்டில் ஒரு பெரிய வேலை காலியானது.

மரப்பொந்துப் பள்ளி, வளைப் பள்ளி, பாறைப் பள்ளி என்று அந்தக் காட்டில் மொத்தம் அறுபத்திரண்டு பள்ளிக்கூடங்கள். அத்தனைக்கும் மேலே ஒரு தலைமை ஆய்வாளர் உண்டு. வெகுகாலமாக அந்த நாற்காலியில் இருந்தது ஒரு கொக்கு. பள்ளி வாசலில் ஒற்றைக் காலில் நிற்கும். உள்ளே எட்டிக்கூடப் பார்க்காது. "எல்லாம் சரி!" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பறந்துவிடும். அது ஓய்வு பெற்றுத் தூரத்து ஏரிக்குப் போய்விட்டது.

காட்டுத் தலைவி யானை பெரியநாயகி ஆலமரத்தில் அறிவிப்பு ஒட்டினாள். விண்ணப்பங்கள் குவிந்தன. நரி மூன்று சிபாரிசுக் கடிதங்களோடு வந்தது. மூன்றும் அதன் கையெழுத்திலேயே இருந்தன. இப்படிக் கழித்துக் கழித்துக் கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள். மயில் சித்திரவேல், மரங்கொத்தி கொண்டையப்பன், எருமை காத்தாயி.

"நேர்காணல் வெச்சா எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க. வேலையைச் செஞ்சு காட்டட்டும்!" என்றாள் பெரியநாயகி. "மூணு பேரும் ஆளுக்கொரு நாள் ஒரே பள்ளிக்கூடத்தை ஆய்வு பண்ணணும். நாலாம் நாள் அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் சபையில எழுந்து, யாருக்கு வேலை கொடுக்கலாம், ஏன்னு சொல்லணும்."

சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். வந்தது அல்லிக்குளம்.

மருதாயி முகத்தில் ஈயாடவில்லை. போன வருஷம்தான் பெற்றோர்கள் புகாரால் 'மோசம்' என்று பேர் வாங்கிய தவளைப் பள்ளியை இழுத்து மூடினார்கள். தவளைப் பிள்ளைகள் இப்போது இரண்டு குன்று தாண்டித் தத்தித் தத்திப் படிக்கப் போகின்றன. 'முங்கத் தெரியாத சங்கதி வெளியே வந்தால் என் பள்ளிக்கூடமும் அவ்வளவுதான்' என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முதல் நாள் மயில் வந்தது. அல்லிப்பூ மாலை, வரவேற்புப் பாட்டு, வறுத்த தினை என்று எல்லாம் தயார். குஞ்சுகள் முங்கு பாட்டை ஒப்பித்தன. சித்திரவேலுக்குக் கால் நிற்கவில்லை.

"ஆகா! என்ன தாளம்! என்ன ராகம்!" என்று தோகையை விரித்துத் தானும் கூட ஆடியது. ஆடி முடித்துத் தினையையும் முடித்தது. பார்வைப் புத்தகத்தில் 'மிக மிக மிக அருமை' என்று எழுதி ஒரு இறகையும் ஒட்டி வைத்தது.

போகும்போது மருதாயியின் காதோரம் குனிந்தது. "சபையில என் பேரைச் சொல்லுங்க டீச்சர். மறுநாளே உங்க வாசல்ல 'முதல்தரப் பள்ளி'ன்னு பலகை தொங்கும்!"

இரண்டாம் நாள் மரங்கொத்தி. வரும்போதே பள்ளி வாசல் கம்பத்தை 'டொக்' என்று ஒரு கொத்து.

"வரிசை கோணல்! மூணாவது குஞ்சு தும்முது! பூ வாடிப் போச்சு! பாட்டு நடுவுல ரெண்டு பேர் மூச்சு வாங்குறாங்க!"

ஒவ்வொரு குறைக்கும் ஒரு கொத்து. நாற்பத்து மூன்று குறைகள். கம்பமே சல்லடையாகிவிட்டது. குஞ்சுகள் நடுங்கிப் போயின. மருதாயி அந்தப் பட்டியலைக் கடைசி வரை படித்தாள். அவள் பயந்த குறை மட்டும் அதில் இல்லை.

நிம்மதியாக இருந்தது. ஏனோ கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் எருமை காத்தாயி அசைந்து அசைந்து வந்தாள். குஞ்சுகள் இறக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

"ஏய், எருமைடா!"

"இதுவா ஆய்வாளர்? இதுக்கு எண்ணத் தெரியுமா?"

"உஷ்!" என்று அதட்டினாள் மருதாயி. மாலையை எடுத்து நீட்டினாள்.

"ரொம்ப சந்தோஷம் தாயி!" என்ற காத்தாயி, மாலையை வாங்கி அப்படியே மென்று தின்றாள். பிறகு நேரே குளத்துக்குள் இறங்கி, கழுத்து வரை அமிழ்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

குஞ்சுகள் பாட்டை ஒப்பித்தன. பிசிறே இல்லை.

"நல்லா இருக்கு கண்ணுங்களா. அப்புறம்?" என்றாள் காத்தாயி.

"அப்புறம்னா?" என்றான் பொடிமுத்து. வகுப்பில் வாய் நீண்ட வாத்துக் குஞ்சு அவன்.

"இதை எப்போ செய்வீங்க?"

குஞ்சுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "செய்யவும் வேணுமா? ஒப்பிச்சா மார்க்கு போட்டுடுவாங்களே!" என்றான் பொடிமுத்து.

"அம்மா, மத்த ரெண்டு பேரும் சாப்பாட்டு மணிக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்க" என்று மெல்ல இழுத்தாள் மருதாயி.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல டீச்சர். அசை போட்டுக்கிட்டே இருக்கேன். நீங்க பாட்டுக்கு நடத்துங்க."

சாப்பாட்டு மணி அடித்தது. குஞ்சுகள் மணலில் புழு பொறுக்கின. அப்போது வெயிலின் குறுக்கே ஏதோ சர்ரென்று போனது. மணல்மேல் ஒரு கறுப்பு நிழல் விழுந்தது.

பருந்து!

நிழலைப் பார்த்ததும் பதினேழு குஞ்சுகளும் என்ன செய்தன தெரியுமா? ஓடி வந்து வரிசையாக உட்கார்ந்தன. மார்பை நிமிர்த்தின. "நிழல் விழுந்தால் நிற்காதே! நீருக்குள்ளே முங்கிப்போ!" என்று உற்சாகமாக ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டன!

"ஓடுங்க! தண்ணிக்குள்ள ஓடுங்க!" என்று கத்தினாள் மருதாயி. பாட்டுச் சத்தத்தில் யார் காதிலும் அது விழவில்லை. பருந்து காலை நீட்டிக்கொண்டு இறங்கியது.

குளத்தில் படுத்திருந்த காத்தாயி ஒரே உதறலில் எழுந்தாள். ஒரு பாரம் சேறும் தண்ணீரும் எகிறிப் பருந்தின் மேல் அப்பியது. இறக்கை கனத்து, கண் மறைத்து, பருந்து தட்டுத் தடுமாறி எதிர்க்கரைப் பக்கம் பறந்தோடியது.

குஞ்சுகள் பாட்டை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தன.

"டீச்சர்," என்றான் பொடிமுத்து, "இன்னும் ரெண்டு வரி பாக்கி இருக்கு!"

மருதாயி பொத்தென்று மணலில் உட்கார்ந்துவிட்டாள். குஞ்சுகளை நாணல் புதருக்குள் விளையாட அனுப்பிவிட்டு, விராலில் தொடங்கி எல்லாவற்றையும் காத்தாயியிடம் சொன்னாள். காத்தாயி அசை போட்டபடியே கேட்டாள்.

"அம்மா, இதை மட்டும் எழுதிடாதீங்க. பள்ளிக்கூடத்தை மூடிடுவாங்க. இந்தக் குட்டிக் காலை வெச்சுக்கிட்டு இதுங்க ரெண்டு குன்று தாண்டுமா?"

காத்தாயி மெல்லுவதை நிறுத்தினாள். "நான் எழுதாட்டி அந்தப் பருந்து எழுதிரும், தாயி. இன்னிக்கு நான் குளத்துல கிடந்தேன். நாளைக்கு யாரு கிடப்பா?"

மருதாயி புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

பார்வைப் புத்தகத்தில் காத்தாயி மூன்றே வரி எழுதினாள். 'ஒப்பிக்கத் தெரிகிறது. முங்கத் தெரியவில்லை. டீச்சர் தண்ணீரில் இறங்கத் துணை வேண்டும், நான் வருகிறேன்.'

நாலாம் நாள் ஆலமரத்தடியில் சபை கூடியது. அறுபத்திரண்டு பள்ளிக்கூடத்து ஆசிரியர்களும் வந்திருந்தார்கள். மயில் தோகையைச் சிலுப்பி மருதாயியைப் பார்த்துக் கண் சிமிட்டியது. எருமையைப் பார்த்து, "சேத்தைக் கழுவிட்டாவது வந்திருக்கலாம்!" என்று நக்கலடித்தது.

"சொல்லு மருதாயி, யாருக்குக் கொடுக்கலாம்?" என்றாள் பெரியநாயகி.

மருதாயி எழுந்தாள். மயிலின் பேரைச் சொன்னால் பலகை தொங்கும். மரங்கொத்தியின் பேரைச் சொன்னாலும் பாதகமில்லை. கம்பத்தை மாற்றி, பூவை மாற்றினால் முடிந்தது. காத்தாயியின் பேரைச் சொன்னால்தான் 'ஏன்' என்ற கேள்விக்கு உண்மையைப் போட்டு உடைக்க வேண்டும். மணலில் நிமிர்ந்து உட்கார்ந்து பாடிய பதினேழு குஞ்சுகளும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"காத்தாயிக்குக் கொடுங்க!" என்றாள்.

சபையில் கொல்லென்று சிரிப்பு.

"சிரிக்காதீங்க! என் பிள்ளைங்களுக்கு முங்கத் தெரியாது. எனக்குத் தண்ணின்னா பயம். நான் சொல்லிக் கொடுத்ததெல்லாம் வெறும் பாட்டு. முதல் நாள் வந்தவரு அந்தப் பாட்டுக்கு ஆடினாரு. ரெண்டாம் நாள் வந்தவரு பாட்டுல மூச்சு வாங்குறதை எண்ணினாரு. இந்தம்மா ஒருத்திதான் 'எப்போ செய்வீங்க'ன்னு கேட்டா. பருந்து வந்தப்ப பிள்ளைங்களைக் காப்பாத்தினதும் இந்தம்மாதான்!"

சிரிப்பு பட்டென்று நின்றது.

"நல்லா இருக்கு நியாயம்!" என்று கொத்தினாற்போல் கத்தியது மரங்கொத்தி. "இவ்வளவு பெரிய குறையை மறைச்சு வெச்சிருந்த டீச்சர் பேச்சைக் கேட்டா வேலை கொடுப்பீங்க? முதல்ல அந்தப் பள்ளிக்கூடத்தை மூடுங்க!"

பெரியநாயகி தும்பிக்கையைத் தூக்கினாள். "கொக்கு இருந்த இத்தனை வருஷத்துல ஒரு டீச்சராவது இப்படி எழுந்து நின்னு உண்மையைச் சொன்னதுண்டா? ஒரே நாள்ல இவளைச் சொல்ல வெச்சது யாரு?"

மரங்கொத்தி அலகை இறக்கைக்குள் செருகிக்கொண்டது.

அப்போது பின்வரிசையில் அணில் டீச்சர் மெல்லக் கையைத் தூக்கினாள். "அது வந்து... எங்க பிள்ளைங்களும் கிளை தாவுறதைத் தரையில கோடு போட்டுத்தான் தாவுதுங்க."

"நாங்க முள்ளு சிலிர்க்கிற பாடத்தை மூணு வருஷமா அடுத்த வாரம், அடுத்த வாரம்னு தள்ளிட்டிருக்கோம்!" என்றது முள்ளம்பன்றி வாத்தியார்.

"எங்க பள்ளிக்கூடத்துல வளை தோண்டுறது படம் வரையறதோட சரி!" என்றது முயல்.

ஆளாளுக்கு எழுந்து சொல்லச் சொல்ல, சபையில் மறுபடியும் சிரிப்பு கிளம்பியது. இந்தத் தடவை யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. எல்லாரும் தங்களைப் பார்த்தே சிரித்துக்கொண்டார்கள்.

காத்தாயிக்கே வேலை கிடைத்தது. பொறுப்பேற்றதும் அவள் போட்ட முதல் உத்தரவு: 'குறையைத் தானே வந்து சொல்லும் பள்ளியை மூடக் கூடாது.' மயிலுக்கு ஆண்டு விழாக்களை நடத்தும் வேலையும், மரங்கொத்திக்குப் பள்ளி மரங்களில் பூச்சி பார்க்கும் வேலையும் கொடுத்தார்கள். இரண்டுமே தங்கள் வேலையை நன்றாகச் செய்தன.

மறுநாள் காலை காத்தாயி அல்லிக்குளத்துக்குள் இறங்கி, முதுகைக் காட்டினாள். "ஏறு தாயி. நடுக்குளம் வரைக்கும் போவோம்."

"விரால் இருக்குமே அம்மா!"

"இருக்கும். நானும்தான் இருக்கேன்!"

நடுக்குளத்தில் மருதாயி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு முங்கு முங்கினாள். தலையில் பாசியைச் சுமந்துகொண்டு மேலே வந்தாள். கரையில் பதினேழு குஞ்சுகளும் விழுந்து விழுந்து சிரித்தன.

"டீச்சர், நீங்க நூறு எண்ணல! நாலுதான் எண்ணினீங்க!" என்றான் பொடிமுத்து.

"நீ வந்து அஞ்சு எண்ணிக் காட்டுடா பார்க்கலாம்!"

ரோஷத்தோடு முதலில் குதித்தவன் அவன்தான். பின்னாலேயே மற்றவர்களும் தொப்பு தொப்பென்று குதித்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தும் ஒருவரும் கரையேறவில்லை. சாயங்காலம் காத்தாயி தண்ணீர் சொட்டச் சொட்டக் கிளம்பி, அணில் பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றாள். "எங்க தாயி, அந்தக் கிளையைக் காட்டு!" என்றாள்.

குறையைப் பயமில்லாமல் சொல்ல வைத்து, அதைத் தீர்க்கத் தானும் கூட இறங்குகிறவரே மேற்பார்வை பார்க்கத் தகுதியானவர்.