கிடாயின் முதுகில் விழுந்த கை

மிருகங்கள் மனுசரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது வரையாட்டின் முதுகு கழுத்திலிருந்து வால் வரை ஒரே பழுப்பு. மலை உச்சியில், மேகத்துக்குள்ளேயே குடியிருந்ததால் அதை ஒருத்தரும் பார்த்ததில்லை. கண்ணில் படாததை மனுசன் என்ன சொல்வான்? இல்லை என்றுதானே சொல்வான்!

அப்படித்தான் சொன்னான் அடிவாரத்துத் தலைவன் மாறப்பன். "உச்சியில புல்லும் பனியும் தவிர ஒண்ணுமில்ல. பௌர்ணமியன்னிக்குப் பொழுது சாயத் தீ வெச்சிட்டு, தினை விதைச்சிருவோம்" என்று ஊர் கூடியிருந்த இடத்தில் அறிவித்துவிட்டான்.

கூட்டத்தில் ஆராயி நின்றிருந்தாள். மலை மலையாக ஏறி, காட்டிலேயே தங்கி, கண்ணால் கண்ட உயிர்களைத் துணியில் படமாக எழுதுகிறவள். ஒரு பாய், ஒரு கஞ்சிச் சட்டி, மூன்று சுரைக்குடுக்கைகளில் செம்மண்ணும் கரியும் வெள்ளைக் களிமண்ணும், அவ்வளவுதான் அவள் மூட்டை. பார்க்காததை எழுதவும் மாட்டாள், பார்த்ததை விடவும் மாட்டாள். முன்பு மாறப்பனை எழுதியபோது அவன் மூக்கின் மேலிருந்த மருவையும் சேர்த்தே எழுதினாள். அவன் எவ்வளவு கெஞ்சியும் அழிக்கவில்லை.

"அங்கே உயிர் இருக்குங்க தலைவரே. போன தடவை குளம்புச் சத்தம் கேட்டேன்" என்றாள்.

"கேட்டியா, பார்த்தியா?"

"கேட்டேனுங்க."

"அப்போ பார்த்து எழுதிக் கொண்டா. பந்தத்தைப் புல்லுல வெக்கிறதுக்குள்ள வந்தா மலை பிழைச்சுது. வரலேன்னா என்னைக் குத்தம் சொல்லாதே."

பௌர்ணமிக்கு நாலே நாள் இருந்தது. ஆராயி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அப்படியே கிளம்பினாள். இரண்டு நாள் நடை. சோலைக்காட்டு அட்டைகள் அவள் காலில் விருந்தே நடத்தின. உச்சியில் ஒரு பாறை இடுக்கில் பாயை விரித்துக் காத்திருந்தாள். மேகம் அசைந்து கொடுக்கவில்லை. புழுக்கை கிடந்தது, மேய்ந்த புல் கிடந்தது, ஆளைத்தான் காணோம். பௌர்ணமி நாளும் விடிந்தது. கடைசிக் கஞ்சியையும் குடித்துவிட்டு, அவள் மேகத்தைப் பார்த்துக் கத்தினாள். "உங்களுக்காகத்தானே வந்து கிடக்கேன்! கொஞ்சம் வந்து தொலைங்களேன்!"

"காலங்காத்தால யாரைத் திட்டுற?"

மேகம் ஒரு கை அகலம் விலகியது. பாறை நுனியில் ஒரு கிடாய் நின்றது. வளைந்த கொம்பு, தடித்த கழுத்து. அடேயப்பா, என்ன கம்பீரம்!

"உங்களை எழுதணும், பெரியவரே" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

கிடாய் தலையை ஆட்டியது. "நாங்க கண்ணுல படாம இருக்கிறதாலதான் உசுரோட இருக்கோம். நீ எழுதிட்டுப் போனா நாளைக்கே வில்லோட வருவாங்க."

"எழுதாம போனா இன்னிக்குச் சாயங்காலமே தீயோட வருவாங்க."

கிடாய் சற்று நேரம் அசைபோட்டது. "சரி, எழுது. கொம்பை மட்டும் சின்னதாப் போட்டுடாதே."

ஆராயி துணியைப் பாறையில் விரித்து எழுதினாள். கொம்பின் வரி ஒன்றைக்கூட விடவில்லை. முடித்ததும், படம் எழுதுகிறவர்களுக்கே உரிய அந்தக் கிறுக்கு அவளுக்கும் வந்தது. எழுதியது எப்படி இருக்கிறது என்று பார்க்க, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பின்னாலேயே நகர்ந்தாள். ஓரடி, ஈரடி, மூவடி. நாலாவது அடிக்குத் தரையே இல்லை.

கிடாய் கீச்சென்று சீழ்க்கை அடித்துப் பாய்ந்து, அவள் முந்தானையைக் கடித்து இழுத்தது. "அடி பாவி மக்கா! படத்தைப் பார்க்கிறவ காலையும் பார்க்கவேண்டாமா?"

ஆராயி துணியைச் சுருட்டி மூட்டைக்குள் வைத்தாள். அதற்குள் மேகம் மறுபடி மூடிக்கொண்டது. வந்த வழி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

"என் பின்னால வா தாயி. ஆடு இறங்குற குறுக்கு வழி இருக்கு, பொழுது சாயுமுன்ன போயிடலாம்" என்று கிடாய் நடந்தது. இரண்டடி போனதும் மேகம் அதை விழுங்கிவிட்டது. பழுப்பு முதுகு எங்கே தெரியும்?

ஆராயி வெள்ளைக் களிக் குடுக்கையைத் திறந்தாள். "உங்க முதுகுல ஒரு அடையாளம் வெச்சா எனக்குத் தெரியும், பெரியவரே. ஆனா பொய் சொல்லமாட்டேன். இந்தக் களி மழைக்கும் போகாது, வெயிலுக்கும் போகாது. அப்புறம் நீங்க எங்கே நின்னாலும் ஊருக்கே தெரியும்."

மேகத்துக்குள் எங்கேயோ ஒரு குட்டி தாயைத் தேடிக் கத்தியது.

"ஒளிஞ்சே கிடந்ததாலதானே நாங்க இல்லவே இல்லைன்னு உங்க தலைவன் சொல்லிப்புட்டான்" என்றது கிடாய். "வை தாயி. நல்லா அழுத்தி வை."

அவள் களியில் தோய்த்த கையை அதன் முதுகில் பதித்தாள். "யம்மாடி, என்னா சில்லிப்பு!" என்று கிடாய் துள்ளியது. அப்புறம் அது முன்னால் போக, அந்த வெள்ளையை மட்டும் பார்த்தபடி அவள் உருண்டும் சறுக்கியும் இறங்கினாள்.

அடிவாரத்தில் பந்தம் எரிந்துகொண்டிருந்தது. ஆராயி மூச்சிரைக்க ஓடிவந்து துணியை விரித்தாள். மாறப்பன் பார்த்தான். கை தானாகவே மூக்கு மருவைத் தடவியது.

"இவ பொய் எழுதமாட்டா" என்று முனகினான். "ஆனா ஒத்தை ஆட்டுக்காக ஒரு மலையையே விட்டுடறதா?"

மேலே ஒரு சீழ்க்கை கேட்டது. எல்லாரும் நிமிர்ந்தார்கள். மேகம் கிழிந்து, மொட்டைப் பாறையில் கிடாய் ஒருக்களித்து நின்றது, முதுகில் வெள்ளை பளிச்சென்று. அதன் பின்னால் பெட்டைகள், குட்டிகள், இளங்கிடாய்கள், பாறை முழுக்க ஆடுகள்! ஆராயி பார்த்து நடந்த அதே வெள்ளையைப் பார்த்துத்தான் மொத்தக் கூட்டமும் இறங்கி வந்திருக்கிறது.

"அய்யோ, எத்தனை உசுரு!" என்றான் மாறப்பன். பந்தத்தை ஓடையில் முக்கினான். பெண்கள் குலவையிட்டார்கள். ஆராயி அழுதுகொண்டே சிரித்தாள். கிடாய் கொம்பை ஒரு தரம் ஆட்டிவிட்டு, கூட்டத்தோடு நிதானமாக மலையேறியது.

வரையாட்டுக் கூட்டத்தில் வயது முதிர்ந்த கிடாயின் முதுகு வெள்ளையாக வெளுப்பது அந்தக் கை பட்ட நாளிலிருந்துதான். இன்றைக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்தப் புல்வெளிக்கு ஏறிப் போனால் கிடாய் ஓடாது. ஒருக்களித்து நின்று, நாங்கள் இருக்கிறோம் பார் என்று முதுகைக் காட்டும்.