முப்பது விரற்கடை

முன்னொரு காலத்திலே, மீன்கள் மனிதரை ஏசிய காலத்திலே, ஒரு ராஜா அரண்மனைக்கு வெள்ளையடிக்கப் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்பு சுடச் சொன்னான். "அது உசுருள்ள பாறை, வெட்ட மாட்டேன்" என்றான் முக்குளிக்கும் உடையப்பன்.

"அப்படியா? நீயும் பாறையாவே கிட!" என்று ராஜாவின் மந்திரவாதி கோலை நீட்டினான். உடையப்பன் கடலடியில், ஆள் வடிவு மாறாமலே, பொன்னிறப் பவளப்பாறையானான்.

அவன் மனைவி காத்தாயி படகேறிப் போய் அழுதாள். ஒரு கிளிமீன் தலை நீட்டியது. "வருஷத்துக்கு ஒரு விரற்கடை வளருவான். முப்பது விரற்கடை வளந்து, தண்ணி வத்தும்போது தலை தெரிஞ்சா சாபம் போயிரும். தெளிஞ்ச தண்ணி வேணும், வெயில் வேணும், யாரு கையும் படக்கூடாது."

மனசு கேட்குமா? பசிக்குமே என்று கஞ்சி ஊற்றினாள். குளிருமே என்று முங்கிப் போய் அவன் வலது கையில் எண்ணெய் தேய்த்தாள். கண் படுமே என்று மஞ்சள் பூசினாள். அதைப் பார்த்த ஊர், வரம் கொடுக்கும் சாமி என்று பால்குடத்தோடு வந்தது. தண்ணீர் கலங்கியது. எண்ணெய் பட்ட கை வெளுத்துச் செத்தது.

"அடிப்பாவி!" என்றது கிளிமீன். "அவன் உடம்பெல்லாம் ஆயிரம் குட்டி வாய். உள்ள குடியிருக்கிற பாசி வெயில வச்சே அவனுக்குச் சோறாக்குது. உன் கஞ்சி எதுக்கு?"

காத்தாயி துடுப்பை ஓங்கி ஊரை விரட்டினாள். "சாமி இல்லய்யா, எம் புருஷன்!"

"வரத்த ஒத்தையா அமுக்கப் பாக்குறா" என்று ஊர் அவளைத் தள்ளி வைத்தது. நல்லது செய்தவளுக்கு ஊர் கொடுத்த மரியாதை அது! தண்ணீர் இல்லை, நெருப்பு இல்லை, பேச்சு இல்லை. படகின் நிழல்கூட அவன்மேல் விழாமல் தள்ளி நிறுத்தி, முப்பது வருஷம் காவல் கிடந்தாள்.

ஒருநாள் கடல் வற்றியது. தலையில் வெயில் பட்டதும் உடையப்பன் அதே இளவயதில் எழுந்தான். வலது கை மட்டும் சுண்ணாம்புக் கல்லாய்த் தொங்கியது.

"நாந்தான் கெடுத்தேன்" என்றாள் நரைத்துப்போன காத்தாயி.

"தெரியும். வா" என்று இடது கையை நீட்டினான்.

காத்தாயி தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேண்டாம். தொட்டா வெளுத்துருவ."