தூணைக் காணோம்!

தலைமைப் பொறியாளர் வேதரத்தினம், படம் வரையும் பூங்கோதையிடம் உறுமினார்: "ஒவ்வொரு கட்டட வரைபடத்துலயும் வேற எந்தெந்தப் படம் இணைஞ்சிருக்குன்னு மத்தியானத்துக்குள்ள பட்டியல் வேணும். ஆனா நீ ஒண்ணையும் திறக்கக் கூடாது. முடியலைன்னா நாளைக்கு வராதே!"

"சரிங்க சார்" என்ற பூங்கோதை, கணினியில் தூண், படிக்கட்டு என்று இணைப்புப் படங்கள் இருந்த ஃபோல்டரின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினாள். பெயர் மாறினால் இணைப்பு அறுந்து, அந்தப் படங்கள் வரைபடத்தில் தெரியாது.

வரைபடத்தைத் திறந்தவர்களெல்லாம் அலறினார்கள்.

"பள்ளிக்கூடத்துல தூணைக் காணோம்!"

"ஆஸ்பத்திரிப் படிக்கட்டு எங்கே?"

எந்த வரைபடத்தில் எதைக் காணோம் என்று அவள் பட்டியலில் எழுதிக்கொண்டே வந்தாள்.

தலைமைப் பொறியாளரும் அறையிலிருந்து ஓடிவந்தார். "ஐயையோ, என் மச்சான் வீட்டுச் சமையலறையைக் காணோம்!"

அங்கே நின்றிருந்த முதலாளி திரும்பினார். "அந்த வேலை நம்ம ஆபீசுக்கு எப்ப வந்தது?"

"எனக்குத் தெரியாதுங்க சார். நான் எதையும் திறக்கலை" என்றபடி, பூங்கோதை ஃபோல்டருக்குப் பழைய பெயரையே வைத்தாள்.

மறுநாள் அவள் வந்தாள். அவர்தான் வரவில்லை.