ஐப்பசியில் மாம்பழ வாசனை

பெரிய ஏரிக்கரையில் முள்ளெலி ஒருத்தி இருந்தாள். உடம்பெல்லாம் முள். நாக்கில் மட்டும் ஒரு முள்கூடக் கிடையாது. யார் எதைக் கேட்டாலும் "சரி" என்பாள். வேறு வார்த்தை அவளுக்கு வராது.

அக்கரைக் குன்றில் அவளுடைய தங்கை இருந்தாள். அவளுக்குத் தலைப்பிரசவம். துணைக்கு வேறு யாரும் இல்லை. "அக்கா, வலி எடுக்கும்போது நீ பக்கத்துல இருந்தாப் போதும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

எப்பாடு பட்டாவது போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று முள்ளெலி உறுதியாக இருந்தாள். சுக்கு, பூண்டு, கருப்பட்டி எல்லாம் போட்டுப் பிரசவ லேகியம் கிளறினாள். மூட்டை கட்டினாள்.

ஏரியைச் சுற்றி நடந்தால் பாறையும் சேறுமாக நாள் கணக்கில் ஆகும். கூழைக்கடா ஏற்றிக்கொண்டால் ஒரு தூக்கம் போடுவதற்குள் அக்கரை வந்துவிடும். அந்தப் பெரிய பறவை தன் அலகுப் பைக்குள் சின்னப் பிராணிகளை உட்கார வைத்துக்கொண்டு பறப்பார். மூட்டைகள் முதுகில் இருக்கும். அன்றைக்குப் போவதுதான் கடைசிப் பயணம். அடைமழை பிடித்துக்கொண்டால் தை பிறக்கும்வரை அவர் இறக்கையை விரிக்க மாட்டார்.

புறப்படும் நேரத்தில் மரநாய் ஓடி வந்தான். கையில் தேக்கிலைப் பொட்டலம்.

"அக்கா! நானும் இதே பயணம்தான். என் பை நிறைஞ்சு போச்சு. இந்த நெல்லிக்காய் ஊறுகாயை மட்டும் உங்க மூட்டையில வச்சுக்குங்க. இறங்கினதும் வாங்கிக்கறேன்!"

"ஒரு தடவை பிரிச்சுப் பார்த்துட்டு வச்சுக்கட்டுமா, தம்பி?"

"என்னக்கா, என்மேல நம்பிக்கை இல்லையா?"

போச்சு! இந்தக் கேள்விக்குப் பிறகு யாரால் பொட்டலத்தைப் பிரிக்க முடியும்? முள்ளெலியின் முகம் சிவந்துவிட்டது. "சரி, சரி" என்று வாங்கி உள்ளே வைத்தாள்.

அதில் ஊறுகாயும் இல்லை, உப்பும் இல்லை. காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த மனிதன் ஒருவன் தவறவிட்ட வேப் இருந்தது. விரல் நீளக் குழல், உள்ளே ஒரு பேட்டரி. வாயில் வைத்து இழுத்தால் மாம்பழ வாசனையோடு புகை வரும். மரநாய்க்கு அது இல்லாமல் பொழுது விடியாது, அடையாது.

பறவை கிளம்பும் மேட்டில் கீரி மேடம் உட்கார்ந்திருந்தார். போன வருஷம் யாரோ மூட்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோன நெருப்புக் கங்கு நடு ஏரியில் பற்றி, கூழைக்கடாவின் இறக்கை கருகிவிட்டது. அன்றிலிருந்து கீரி மேடம் யாரையும் சும்மா விடுவதில்லை. "சிங்கமே வந்தாலும் மூட்டையை அவிழ்!" என்பார்.

முள்ளெலியின் முறை வந்தது. அவளுக்குப் பின்னால் மரநாய் நின்றான்.

"மூட்டை யாருது?"

"என்னுதுங்க, மேடம்."

"வேற யாராவது எதையாவது கொடுத்து விட்டாங்களா?"

"ஆமாம்" என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. முள்ளெலி திரும்பிப் பார்த்தாள். மரநாய் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான். பாவம், ஒரு ஊறுகாய்க்காக அவனைச் சங்கடப்படுத்துவானேன் என்று நினைத்தாள்.

"யாரும் எதுவும் தரலைங்க!"

கீரி மேடம் மூட்டையை முகர்ந்தார். "சுக்கு... பூண்டு... கருப்பட்டி... பிரசவ லேகியம். நல்லது." சட்டென்று அவர் மூக்கு நின்றது. "மாம்பழம்! ஐப்பசி மாசத்துல ஏதும்மா மாம்பழம்?"

"அது... நெல்லிக்காய் ஊறுகாய்ங்க."

"நெல்லிக்காய் என்னைக்கும்மா மாம்பழமா மணந்துச்சு? அவிழ்!"

அவிழ்த்தார்கள். லேகியச் சட்டி அழுத்தியதில் குழல் நசுங்கிச் சூடேறியிருந்தது. தேக்கிலை கருகிப் புகைந்துகொண்டிருந்தது. கீரி மேடம் ஒரே உதையில் அதை ஏரிக்குள் தள்ளினார். தண்ணீர் சுர்ரென்றது.

"நடு ஏரியில இது பத்தியிருந்தா பறவை கதி என்ன? உள்ள இருக்கிற குஞ்சு குளுவான் கதி என்ன?"

முள்ளெலி மரநாயின் பக்கம் திரும்பினாள். "தம்பி! இது நீ கொடுத்ததுதானே? சொல்லுப்பா!"

"யாரு நீங்க? மேடம், இந்தம்மாவை நான் பார்த்ததே இல்லை!"

சற்றுமுன்வரை அக்கா. இப்போது இந்தம்மா! காரியம் கெட்டால் உறவும் கெட்டது.

கீரி மேடம் மரநாயின் எதிரே வந்து நின்றார். "அப்படியா? எங்கே, ஊது."

"எதுக்கு, மேடம்?"

"ஊதுன்னா ஊது!"

மரநாய் மூச்சை அடக்கிக்கொண்டான். கன்னம் உப்பியது. கண் பிதுங்கியது. வரிசையே அவனை வேடிக்கை பார்த்தது. கீரி மேடம் அசையவில்லை. கடைசியில் புஸ்ஸென்று மூச்சு வெளியே வந்தது. கரையெல்லாம் மாம்பழ வாசனை! தவளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

"போ வெளியே!"

மரநாய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு விலகினான். முள்ளெலிக்கு உயிர் வந்தது. "அப்ப நான் ஏறிக்கட்டுமா, மேடம்?"

"நீயும்தான் வெளியே."

"நான் என்ன செஞ்சேன்? என் தங்கச்சிக்குப் பிரசவம், மேடம்! இதை விட்டா வேற பயணம் இல்லை!"

"லேகிய வாசனையிலேயே தெரிஞ்சுக்கிட்டேன். எனக்கும் மனசு கேட்கலை. ஆனா நான் கேட்டப்போ ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதை மட்டும் எடுத்துப் போட்டுட்டு உன்னை ஏத்தி விட்டிருப்பேனே! பொய் சொன்னவளை எப்படி ஏத்துவேன்?"

மேகம் கறுத்தது. கூழைக்கடா பறந்து போனார்.

முள்ளெலி அழுதாள். அழுது முடித்ததும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏரியைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள்.

பின்னாலேயே மரநாய் ஓடி வந்தான். வெட்கம் கெட்டவன்! "அக்கா! நானும் அந்தப் பக்கம்தான். கால் வலிக்குது. என் பையைக் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டீங்கன்னா..."

"முடியாது!"

"என்னக்கா, கோபமா?"

"ஆமா, கோபம்தான்! கோபம் இல்லாட்டியும் முடியாது!"

அவள் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. மரநாய் பின்வாங்கினான். சொல்ல இவ்வளவு சுலபமான வார்த்தையா என்று முள்ளெலிக்கே வியப்பாக இருந்தது.

மழை கொட்டியது. பாறை வழுக்கியது. விழுந்தாள், எழுந்தாள், நிற்காமல் நடந்தாள். ஒருவழியாகக் குன்றை எட்டித் தங்கையின் வளைக்குள் நுழைந்தாள்.

குட்டிகள் பிறந்து, கண்ணும் திறந்திருந்தன. தங்கை துவண்டு கிடந்தாள்.

"வலி எடுத்தப்போ உன்னைத்தான் கூப்பிட்டேன், அக்கா" என்றாள். அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று முள்ளெலிக்குத் தோன்றியது. லேகியத்தை உருட்டித் தங்கையின் வாயில் வைத்தாள்.

கேட்டவர் முகம் வாடுமே என்று "முடியாது" சொல்லக் கூசுகிறவர், கடைசியில் தம்மையே நம்பியிருப்பவரைத்தான் கைவிடுவார்.