பாறை உச்சியில் ஒரு ஹேண்டில்பார்

கல்லுமேட்டூர் சைக்கிள் சங்கத் தலைவர் தாண்டவமூர்த்திக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. ஆனாலும் ஆண்டு விழாவில், பாறைக்குப் பாறை தாவி ஏறும் ட்ரையல்ஸ் சைக்கிளில் உச்சிக்குப் போய் நிற்பதாக ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிவிட்டார். சங்கத்தில் இருந்ததோ ஒரே வண்டி. மெக்கானிக் சுடர்க்கொடி மாநிலப் போட்டிக்காகப் பழகிக்கொண்டிருந்த வண்டி.

"எனக்குத் தோதான ஹேண்டில்பாரா பார்த்து மாட்டும்மா" என்றார்.

அவளும் மாற்றி மாற்றி மாட்டினாள். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் குட்டையாக இருந்தால் மல்லாந்து விழுந்தார். நீளமாக இருந்தால் குப்புற விழுந்தார்.

கடைசியில் கத்தினார்: "உச்சியில நான் நிக்கும்போது கையில இருக்கிற ஹேண்டில்பார் இம்மிகூட ஆடக்கூடாது. ஆடுச்சுன்னா நீ போட்டிக்குப் போகமாட்டே!"

"ஆடாதுங்கய்யா. நான் பொறுப்பு."

விழாவன்று மாலையும் கழுத்துமாக வந்தவர் அண்ணாந்து பார்த்தார். பாறை உச்சியில் ஸ்டெம்மைச் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தது; அதன்மேல் ஹேண்டில்பார் பளபளவென்று நின்றது.

"வண்டி எங்கே?"

"வண்டி இருந்தா ஆடுமுங்க."

அவர் திட்ட வாயெடுப்பதற்குள் கூட்டம் கைதட்டிவிட்டது. வேறு வழியில்லாமல் ஏணி வைத்து ஏறி, ஹேண்டில்பாரைப் பிடித்துப் போட்டோவுக்குச் சிரித்தார். பிறகு கீழே பார்த்தார். ஹேண்டில்பாரில் இருந்த பிரேக்கை இறுக்கிப் பிடித்தவர் பிடித்தவர்தான்.

சுடர்க்கொடி வேறு ஹேண்டில்பார் மாட்டிய சங்கத்து வண்டியில் தாவித் தாவி ஏறி அவர் பக்கத்தில் நின்றாள். விசில் பறந்தது.

"போட்டிக்குப் போயிட்டு வாம்மா! முதல்ல என்னை இறக்கிவிடு!"

"இறக்கிடலாங்க. பிரேக்கை விடுங்க!"